ஆர்மீனிய இலச்சினையும் அரராத்து மலையும்

அரசுகள் தமக்கென இலச்சினை வகுத்துக் கொள்ளுமிடத்துத் தம்பால் உள்ள பொருளையே அதிற் பொறித்தல் பெருவழக்கு. தம் நிலத்து விலங்கு, தம் வயலில் விளையும் பயிர், தம் கோட்டை மதில், தம் குலமுதல்வன் ஏந்திய படைக்கலம் என்னும் இவையே பெரும்பாலும் இலச்சினைகளில் இடம்பெறுவன. உடைமையைப் பறைசாற்றுதலே இலச்சினையின் தொழில் எனக் கொள்வது பெரும்பிழையாகாது. ஆயின், சோவியத் ஒன்றியத்தின் உறுப்பாய் அமைந்திருந்த குடியரசொன்று, தன் எல்லைக்குள் ஓரடி நிலமும் அடங்காத மலையொன்றைத் தன் அரச இலச்சினையின் நடுவண் அமைத்து, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதனை மாற்றாது போற்றி வந்தது. அக்குடியரசு ஆர்மீனியா, அம்மலை அரராத்து. அயலான் நிலத்தில் நிற்கும் மலை இவர்தம் முத்திரையில் ஏறியது எங்ஙனம் என்பதும், ஏறியபின் இறங்காது நின்றது ஏன் என்பதும் வரலாறு பயில்வார் ஆராய்தற்குரிய வினாக்களாம்.

முதற்கண் அவ்விலச்சினையின் உறுப்புக்களை நோக்குதல் தகும். வட்ட வடிவினதாகிய அதன் நடுவே பனி மூடிய அரராத்து மலை தன் இரு முடிகளோடும் தோன்றும். மலைக்கு மேலே அரிவாளும் சம்மட்டியும், செவ்விண்மீனும், அவற்றினின்று பரவும் ஒளிக்கதிர்களும் விளங்கும். மலையடியிற் கொடிமுந்திரிக் குலையும் இலையும், கோதுமைக் கதிரும் கிடக்கும். ஓரத்திற் குடியரசின் பெயரும், உலகத் தொழிலாளர் யாவரும் ஒன்றுபடுக என்னும் அறைகூவலும் ஆர்மீனிய எழுத்தில் வரையப்பெற்றிருக்கும். 1922ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு தோன்றிய இவ்வடிவம் 1937இற் சிற்சில திருத்தம் பெற்றதேயன்றி, மலை தன் இடத்தினின்றும் பெயரவில்லை.

சோவியத் குடியரசுகள் யாவும் பழைய ஐரோப்பிய இலச்சினை மரபை வேண்டுமென்றே கைவிட்டவை. கேடயம், முடி, தாங்கி நிற்கும் விலங்கு என்பன மன்னராட்சியின் எச்சங்கள் எனத் தள்ளப்பட்டன. 1923இல் ஒன்றியத்திற்கென வகுத்த இலச்சினை, உலக உருண்டையின் மேல் அரிவாளும் சம்மட்டியும் கிடக்கக் கோதுமைக் கதிர்கள் இருபுறமும் வளைந்து சூழ்வதாய் அமைந்தது. உறுப்புக் குடியரசுகள் பெரும்பாலும் இதனையே அச்சாகக் கொண்டு, தத்தம் விளைபொருளை இடைச்செருகின. உசுபெக்கித்தான் பருத்தியை வைத்தது. அசர்பைசான் எண்ணெய்க் கிணற்றின் கோபுரத்தை வைத்தது. துருக்மெனித்தான் கம்பளத்தை வைத்தது. இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு பெரிய பண்டசாலையின் விலைப்பட்டியல் நினைவுக்கு வருமாயின் அது வியப்பன்று. எந்நாடு எதனை விளைவிக்கும் என்பதே அங்கு முதன்மைச் செய்தி. ஆர்மீனிய இலச்சினையிலும் விளைபொருள் உண்டு. ஆனால் அது மலையின் காலடியிற் கிடக்கிறது. மலையோ விளைபொருளன்று, அந்நாட்டாரின் உடைமையுமன்று. மற்றைய இலச்சினைகளினின்றும் இது வேறுபடும் இடம் இதுவே.

இனி மலையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பெரிய அரராத்து 5,137 மீற்றர் உயரமுடையது; அதன் கிழக்கே நிற்கும் சிறிய அரராத்து 3,896 மீற்றர். இரண்டும் எரிமலைகள். இக்காலத்திற் பெரிய முடி ஆர்மீனிய எல்லையினின்றும் தெற்கே ஏறக்குறைய 32 கிலோமீற்றர் தொலைவில், துருக்கி நாட்டினுள்ளே நிற்கிறது. எல்லையாகப் பாய்வது அராசு ஆறு. தலைநகரான யெரவானின் தெருக்களில் நிற்பார்க்கு, வானம் தெளிந்த நாளில், வீட்டுக் கூரைகளின் மேலாக அம்மலை எழுந்து தோன்றும். வடக்கே யெரவானிலிருந்து நோக்குவார்க்குச் சிறிய முடி இடப்புறமும் பெரிய முடி வலப்புறமுமாய்த் தோன்றும். தெற்கே துருக்கியிலிருந்து நோக்குவார்க்கு இஃது இடம்வலம் மாறித் தோன்றும். மலை ஒன்றாயினும் இரு நாட்டாரும் காணும் உருவம் ஒன்றன்று.

பெயரும் ஒன்றன்று. துருக்கியர் அதனை ஆரி மலை என்பர். ஆர்மீனியர் தொன்றுதொட்டு வழங்கிய பெயர் மாசிஸ் என்பதாம். அரராத்து என்னும் பெயர் விவிலியத்தின் வழியே வந்தது. பெருவெள்ளம் வடிந்தபோது நோவாவின் பேழை அரராத்தின் மலைகள் மேல் தங்கிற்று எனத் தொடக்க நூல் கூறும். அங்கே சொல்லப்பட்டது ஒரு மலையன்று, ஒரு நாட்டின் மலைகள் என்பதனை அறிஞர் எடுத்துக்காட்டுவர். அந்நாடு கி. மு. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரை வான் ஏரியைச் சூழ்ந்து விளங்கிய உரார்த்து என்னும் அரசாகும். யெரவான் நகரின் தோற்றமும் அவ்வரசோடு தொடர்புடையது. அர்கிஸ்தி என்னும் உரார்த்து மன்னன் கி. மு. 782இல் அங்கே எரெபுனி என்னும் அரணைக் கட்டினான் என்பது கல்வெட்டுச் சான்றால் உறுதிப்பட்டது. பேழை தங்கிய இடம் மாசிஸ் முடியே என்னும் கொள்கை ஆர்மீனியரிடத்து நிலைபெற்றது இடைக்காலத்திலேதான். எனவே, தொன்மையான நம்பிக்கை என்று பலரும் கருதுவது, ஆராயுமிடத்து, அத்துணைத் தொன்மை உடையதன்று. எனினும் ஒரு நம்பிக்கையின் வலிமை அதன் வயதைப் பொறுத்ததன்று. அதனைச் சார்ந்து வாழ்ந்தவர் தொகையையும், அவர் பட்ட துன்பத்தையும் பொறுத்தது.

மலையடியிற் கிடக்கும் கொடிமுந்திரிக் குலையையும் இந்நம்பிக்கையோடு சேர்த்தே படித்தல் வேண்டும். வெள்ளத்தினின்றும் பிழைத்த நோவா முதலில் நட்டது கொடிமுந்திரித் தோட்டம் என்று அதே நூல் கூறும். ஆர்மீனியத் திருச்சபையார் ஆண்டுதோறும் ஆகத்து மாதத்திற் கொடிமுந்திரிக்கு ஆசி வழங்கும் சடங்கொன்றை இன்றும் நடத்துகின்றனர். அகழ்வாய்வும் இதற்கு ஒருவாறு துணைசெய்கிறது: தென் ஆர்மீனியாவில் அரேனி என்னும் ஊரின் குகையொன்றிற் கி. மு. 4000 அளவிலான முந்திரிச்சாறு பிழியும் தொட்டியும் புளிக்கவைக்கும் சாடிகளும் வெளிப்பட்டன. அச்செய்தி 2011இல் வெளியாயிற்று. கோதுமையும் அங்ஙனமே. யெரவானுக்கு அண்மையிற் காட்டுக் கோதுமை இனங்கள் தாமாகவே முளைத்து வளரும் நிலமொன்று உண்டு. அதனைக் காத்தற்பொருட்டு 1981இல் எரெபுனிக் காப்பகம் நிறுவப்பட்டது. ஆகவே கூட்டுப்பண்ணையின் விளைவைக் காட்டுவதாக அரசு கருதிய கதிரும் குலையும், ஊர்ப் பாட்டியின் கண்ணுக்கு வேறொரு பழங்கதையை நினைப்பூட்டின. இரு பொருள்பட நிற்கும் செய்யுளைச் சிலேடை என்பது தமிழ் வழக்கு. இவ்விலச்சினையை ஓவியச் சிலேடை எனல் பொருந்தும்.

மலையின் மேல் ஏறலாகாது என்பதும் அந்நாட்டார் நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கை. 1829இல் தோர்ப்பாத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய பிரீட்ரிக் பாரொட் என்பார், எச்மியாட்சின் மடத்திலிருந்த இளந்துறவி கச்சத்தூர் அபோவியானைத் துணைக்கொண்டு முடியை அடைந்தார். அறியப்பட்ட முதல் ஏற்றம் அதுவே. கீழே இறங்கி வந்து அவர் கூறியதை மடத்தார் பலர் நம்பவில்லை. அபோவியான் பின்னர் ஆர்மீனியப் புத்திலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். ஏறியோர் தங்கிய யாக்கோபு மடமும் அதனையடுத்த அகூரி என்னும் ஊரும் 1840இல் மலை குமுறியபோது மண்ணுள் மறைந்தன.

அக்காலத்தில் மலை யாருடையது? இவ்வினாவுக்கு விடை காணாமல் இலச்சினையின் பொருள் விளங்காது. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பகுதி பாரசீகருக்கும் துருக்கியருக்கும் இடையே கைமாறி நின்றது. 1828இல் துருக்மன்சாய் உடன்படிக்கையால் யெரவான் நிலப்பகுதி இரசியப் பேரரசைச் சேர்ந்தபோது, மலையின் வடசாரலும் சுர்மலு என்னும் மாவட்டமும் அதனோடு சென்றன. இரசியா, துருக்கி, பாரசீகம் என்னும் மூன்று பேரரசுகளின் எல்லைகளும் சிறிய அரராத்தில் வந்து சந்தித்தன. ஆர்மீனியர்க்கென ஓர் அரசு அப்போது எங்கும் இருந்ததில்லை. 1375இற் சிலிசியாவில் அவர்தம் இறுதி முடியாட்சி வீழ்ந்தபின், ஐந்து நூற்றாண்டுக்கு மேலாக அவர் அரசின்றியே வாழ்ந்தனர்.

அரசில்லாதவர் அரசைத் தாளில் எழுதிப் பார்த்த வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அது நிகழ்ந்த இடம் தமிழகமாதலின் தமிழ் மாணாக்கர்க்கு இஃது இரட்டிப்புச் சுவை தரும். சென்னப்பட்டினத்தில் வணிகராய் வாழ்ந்த ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்பார் 1770களின் தொடக்கத்தில் அந்நகரில் ஆர்மீனிய அச்சகம் ஒன்று நிறுவினார். அவ்வச்சகத்தின் வெளியீடுகளுள், தலைப்பேட்டில் 1773 எனக் குறித்த நூலொன்று, இனிமேல் தோன்றக்கூடிய ஆர்மீனியக் குடியரசிற்கு 521 விதிகள் கொண்ட அரசியலமைப்பை வகுத்துரைக்கிறது. மக்கள் தெரிந்தெடுக்கும் மன்றமே ஆளவேண்டும் என்பது அதன் உட்கிடை. முதல் ஆர்மீனியச் செய்தி வெளியீடாகிய அஸ்தராரும் 1794இற் சென்னையிலேயே ஹருத்தியூன் ஷ்மாவோனியான் என்னும் குருவின் முயற்சியால் வெளிவந்தது. சென்னையின் அரண்மனைக்காரத் தெருவில் இன்றும் நிற்கும் ஆர்மீனியக் கோயில் அவர் வாழ்ந்ததற்குச் சான்று. நாடு இல்லாதபோதே நாட்டுக்கு விதி எழுதிய மக்கள், பின்னொருகால் மலை இல்லாதபோதும் மலையை வரைந்தனர் என்பதில் ஒரு தொடர்ச்சி உண்டு.

முதல் உலகப்போர்க் காலத்தில், 1915 தொடக்கம், துருக்கிப் பேரரசில் வாழ்ந்த ஆர்மீனியர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர்; எஞ்சியோர் பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டனர். இலட்சக்கணக்கானோர் அராசு ஆற்றைக் கடந்து வடக்கே ஓடினர். அவர் ஓடிவந்த வழியில் நின்றது அம்மலை. அவர்தம் நினைவில், விட்டுவந்த வீடு, புதைக்காது விட்ட உறவினர், பூட்டிவந்த கோயில் ஆகிய யாவும் மலைக்கு அப்பால் இருந்தன. அதுவரை நோவாவின் மலையாயிருந்தது அன்று முதல் இழப்பின் மலையுமாயிற்று.

இரசியப் பேரரசு சிதைந்தபின் 1918 மே 28ஆம் நாள் ஆர்மீனியக் குடியரசு பிறந்தது. அக்குடியரசின் இலச்சினையை வரைந்தவர் இருவர்: கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் தாமானியான், ஓவியர் ஹாகோப் கோஜோயான். ஐரோப்பிய முறைப்படி கேடயம், அதனைத் தாங்கும் கழுகு, சிங்கம் என்பன அதில் உண்டு. கேடயத்தின் நான்கு பகுதிகளும் அர்த்தாசிய, அர்சாசிய, பக்ராத்திய, ரூபேனிய மரபினராகிய நான்கு பழைய அரச குலங்களைக் குறிக்கும். நடுவில் உள்ள சிறு கேடயத்தில் அரராத்து மலையும் அதன் முடியில் நோவாவின் பேழையும் வரையப்பட்டன. போரின் முடிவிற் சுர்மலு மாவட்டம் அக்குடியரசின் வயப்பட்டிருந்தமையால், மலையை வரைந்தது அன்று உடைமையை வரைந்ததேயாகும். இலச்சினை நூலின் பொதுவிதிக்கு அது முரணன்று.

அவ்வுடைமை நெடிது நிலைக்கவில்லை. 1920இன் இலையுதிர் காலத்திற் காசிம் கராபெக்கிர் தலைமையில் வந்த துருக்கிப் படை கார்ஸ் கோட்டையையும் அலெக்சாந்தரோபோலையும் கைப்பற்றியது. அவ்வாண்டின் முடிவிற் செம்படை யெரவானை அடைந்து சோவியத் ஆட்சியை நிறுவியது. அந்நாளில் மொஸ்கோவுக்கும் அங்காராவுக்கும் நட்பு மிகுதி. இரு புத்தரசுகளும் மேலைநாட்டு வல்லரசுகளை எதிர்த்து நின்றமையால் ஒன்றையொன்று நாடின. 1921 மார்ச்சு 16இல் மொஸ்கோவில் எழுதிய உடன்படிக்கையாற் சுர்மலு துருக்கிக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 13இற் கார்ஸ் நகரில் ஆர்மீனியா, சோர்சியா, அசர்பைசான் ஆகிய சோவியத் குடியரசுகள் அதனை ஏற்றுக் கையொப்பமிட்டன. அன்றோடு மலை எல்லைக்கு அப்பாற் போயிற்று.

சிறிய அரராத்தின் கீழ்ச்சாரல் மட்டும் பின்னும் பாரசீகத்தின்பால் இருந்தது. 1927 முதல் 1930 வரை மலைச்சாரலிற் குர்துகள் கிளர்ந்தெழுந்து அரராத்தின் பெயராலேயே தமக்கொரு குடியரசு அறிவித்தனர். அவர்கள் பாரசீக எல்லைக்குள் நழுவிச் செல்வதைத் தடுக்க வேண்டித் துருக்கி அச்சாரலைக் கேட்டுப் பெற்றது. 1932இற் தெகிரானில் எழுதிய உடன்படிக்கையில் வேறு நிலம் கொடுத்து அதனை மாற்றிக்கொண்டது. மலையைத் தம் பெயராக்கிக் கொண்டவர் ஆர்மீனியர் மட்டுமல்லர் என்பதனையும் ஈண்டு மறத்தலாகாது.

கார்ஸ் உடன்படிக்கை எழுதிய மை காய்ந்து சில திங்களே ஆகியிருந்த காலத்தில் ஆர்மீனிய சோவியத் குடியரசு தன் இலச்சினையை வகுத்தது. அதனை வரைந்தவர் மார்த்திரோஸ் சர்யான். 1880இல் தென் இரசியாவில் தொன் ஆற்றங்கரையிலுள்ள ஆர்மீனியக் குடியேற்றமாகிய நக்கிச்செவானிற் பிறந்து, மொஸ்கோவிற் பயின்று, கொன்ஸ்தாந்தினோபிள், எகிப்து, பாரசீகம் என்னும் நாடுகளைச் சுற்றிக் கீழைநாட்டு ஒளியையும் நிறத்தையும் தன் தூரிகையிற் கொண்டவர் அவர். 1915இல் எச்மியாட்சினில் வந்து குவிந்த ஏதிலிகளுக்கு உதவச் சென்று, அங்கே கண்ட காட்சிகளால் உள்ளம் நொந்தவர். 1921இல், குடியரசின் தலைவராயிருந்த அலெக்சாந்தர் மியாஸ்நிக்கியான் அழைக்க, யெரவானிற் குடியேறினார். அவர் வரைந்த படங்களிற் பெரும்பகுதி நேர்ந்த ஒரு பேரிழப்பும் உண்டு: 1920களின் பிற்பகுதியிற் பாரிசில் இருந்து திரும்புகையிற் கப்பலிற் பற்றிய தீ அங்கு வரைந்தவற்றையெல்லாம் பெரும்பாலும் விழுங்கிற்று. இலச்சினை மட்டும் அரசின் முத்திரையாய் எங்கும் பரவி நின்றது.

முதற் குடியரசின் இலச்சினையையும் சர்யானின் இலச்சினையையும் அடுத்தடுத்து வைத்தால், நீக்கப்பட்டவை எவை என்பது தெளிவாகும். கேடயம் இல்லை, கழுகும் சிங்கமும் இல்லை, நான்கு அரச குலமும் இல்லை, பேழையும் இல்லை. மன்னரும் மதமும் போயின. மலை நின்றது. பேழையை எடுத்துவிட்டால் மலை வெறும் நிலக்காட்சி ஆகிவிடும், அதனால் ஊறில்லை என ஆட்சியாளர் எண்ணியிருக்கலாம். மேலும், அக்காலத்திற் சோவியத் அரசு சிறு தேசிய இனங்களின் மொழியையும் பண்பாட்டையும் வளர்ப்பதாகக் காட்டிக் கொள்ளும் கொள்கையைக் கடைப்பிடித்தது. நிலத்தைக் கொடுத்துவிட்ட கைக்கு, அந்நிலத்தின் படத்தை விட்டுவைத்தல் மலிவான ஆறுதலாகவும் தோன்றியிருக்கும். காரணம் யாதாயினும், எல்லை வரைந்த உடன்படிக்கையும் எல்லையை மதியாத ஓவியமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே அரசின் பெயரால் எழுந்தன. வரலாற்றில் இத்தகைய முரண் அரிது.

தாமானியானின் பின்னைய பணியும் இதனோடு ஒட்டியது. முதற் குடியரசின் இலச்சினையை வரைந்த அவர் சோவியத் காலத்தில் யெரவான் நகரின் அமைப்புத் திட்டத்தை வகுத்தார். 1924இல் அது ஏற்கப்பட்டது. ஒரு மாவட்டச் சிற்றூர்போற் கிடந்த இடத்தில், செந்நிற எரிமலைக் கல்லாற் கட்டிய வட்டத் தெருக்களோடு கூடிய நகரை அவர் எழுப்பினார். அந்நகர் தெற்கு நோக்கி, அரராத்தை எதிர்கொண்டு திறந்து கிடக்குமாறு அமைந்தது. எனவே, தாளில் மலையைக் காட்டியது சர்யானாயின், தெருவிற் காட்டியவர் தாமானியான். அலுவலகக் கதவின் மேலிருக்கும் இலச்சினையை நோக்கிய யெரவான் வாசி, திரும்பி நின்றால் அதே மலையை நேரிற் காண்பான். மற்றைய குடியரசுகளிற் குறியாய் நின்ற பொருள் இங்கே எதிரில் நின்றது.

துருக்கி இவ்விலச்சினையைக் கண்டு முறையிட்டது என்னும் கதையொன்று பரவலாக வழங்குகிறது. தமது நாட்டு மலையை அயலார் தம் முத்திரையில் வைப்பது நிலங்கோருவதற்கு ஒப்பாகும் எனத் துருக்கியர் கூறினராம். அதற்குச் சோவியத் வெளிநாட்டமைச்சர் கியோர்கி சிச்செரின், உங்கள் கொடியிற் பிறை இருக்கிறதே, நீங்கள் நிலவைக் கோருகிறீர்களோ என்று கேட்டனராம். இக்கதையைச் சிலர் சிச்செரின் மேலும், சிலர் பின்வந்த அமைச்சர் மேலும், சிலர் குருஷ்சேவ் மேலும் ஏற்றிக் கூறுவர். ஒரே விடை வெவ்வேறு காலத்துப் பலர் வாயிலிருந்து வருமாயின், அது நிகழ்ச்சியின் பதிவாதலைக் காட்டிலும் நகைச்சுவையின் பெருக்காதலே பொருந்தும். ஆயினும் கதையை ஒதுக்கிவிடாது அதன் கருத்தை ஆராய்தல் பயனுடைத்து.

விடை கேட்டற்கு இனிது, ஒப்புமை நேரானதன்று. நிலவிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஏதிலி எவனும் இஸ்தான்புல் தெருக்களில் இல்லை. நிலவிற் புதைந்த முன்னோரை நினைந்து அழும் குடும்பம் எதுவும் துருக்கியில் இல்லை. பிறை ஓர் அடையாளம் மட்டுமே. அரராத்தோ, அதன் மறுபுறத்தில் வாழ்ந்தவர் பலர் உயிரோடிருந்த காலத்திலேயே இலச்சினையில் ஏறியது. ஆகவே, துருக்கியர் உண்மையில் முறையிட்டிருப்பின் அவர் அச்சம் முற்றிலும் வெறுமையானதன்று. இலச்சினை நிலத்தைக் கேட்கவில்லை எனினும் நிலத்தை மறக்கவும் இல்லை. கோருதலுக்கும் மறவாமைக்கும் இடையே உள்ள வேறுபாடு நுண்ணியது. அயலானுக்கு அது எளிதிற் புலப்படாது.

அந்நுண்ணிய வேறுபாடு ஒருமுறை மறையவும் செய்தது. இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945 ஜூன் மாதத்தில், மொலொத்தோவ் மொஸ்கோவிலிருந்த துருக்கித் தூதரிடம் கார்ஸ், அர்தகான் என்னும் பகுதிகளைத் திருப்பித் தருமாறு கேட்டார். உலகெங்கும் சிதறிக் கிடந்த ஆர்மீனியரைத் தாயகம் திரும்புமாறு அரசு அழைத்ததும் அக்காலத்தே. பலர் நம்பி வந்தனர். அப்போது இலச்சினையின் மலை மீண்டும் கோரிக்கையின் முகம் கொண்டது. ஆனால் அக்கோரிக்கை துருக்கியை மேலைநாடுகளின் அணியிற் சேர்த்ததேயன்றி வேறொன்றும் விளைக்கவில்லை. ஸ்தாலின் இறந்தபின், 1953 மே 30இல், ஆர்மீனிய, சோர்சியக் குடியரசுகள் தம் நிலக்கோரிக்கையைக் கைவிட்டதாகச் சோவியத் அரசு துருக்கிக்கு அறிவித்தது. கோரிக்கை போயிற்று, படம் இருந்தது. அப்போதும் இலச்சினையை ஒருவரும் மாற்றவில்லை.

கோரிக்கையை அரசு கைவிட்டமையால் மக்கள் கைவிட்டனர் என்பதற்கில்லை. 1965 ஏப்பிரில் 24இல், படுகொலையின் ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளில், யெரவான் தெருக்களிற் பெருங்கூட்டம் திரண்டு நிலம் கேட்டு முழங்கிற்று. சோவியத் நாட்டில் அத்தகைய திரள் அந்நாளில் அரிதினும் அரிது. அதன் பயனாக 1967இல் நகரின் குன்றொன்றில் நினைவுச்சின்னம் எழுந்தது. இழப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதற்கு இடமில்லாத ஆண்டுகளில், அரசின் ஒப்புதலோடு அதனை நினைவூட்டியவற்றுள் தலையாயது இலச்சினையின் மலையே எனலாம். அதற்கு மேலே அரிவாளும் சம்மட்டியும் ஒளிவீசியது உண்மை. ஆயினும் அவை பதினைந்து குடியரசுக்கும் பொது. தனக்குரியதைத் தேடும் கண் எங்கே போய் நிற்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

1991 செப்ரெம்பர் 21இல் ஆர்மீனியா தனிநாடாயிற்று. 1992 ஏப்பிரில் 19இல் அதன் உயர்மன்றம் தாமானியானும் கோஜோயானும் வரைந்த பழைய இலச்சினையையே சிறு மாற்றங்களோடு மீண்டும் ஏற்றது. 2006இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அரிவாளும் சம்மட்டியும் விண்மீனும் மறைந்தன. கழுகும் சிங்கமும் திரும்பின. பேழையும் மலைமேல் ஏறிற்று. மூன்று ஆட்சிகளிலும் இடம்பெயராது நின்றது மலையொன்றே. ஆனால் 1918இல் உடைமையாய் இருந்தது, 1992இல் அவ்வாறில்லை. எல்லை அடுத்த ஆண்டிலேயே துருக்கியால் மூடப்பட்டது. 2009இற் சூரிச் நகரில் இரு நாட்டாரும் கையொப்பமிட்ட உடன்பாடுகள் எந்நாட்டு மன்றத்தாலும் உறுதிசெய்யப்படாது போயின.

அண்மைக் காலத்தில் இவ்வினா புத்துயிர் பெற்றுள்ளது. நாகோர்னோ கராபாக்கில் 2020இலும் 2023இலும் நேர்ந்த தோல்விகளின் பின், பிரதம மந்திரி நிக்கோல் பஷின்யான், இருக்கும் நாட்டையே நாடெனக் கொள்ளவேண்டும், இழந்த நாட்டை நினைந்து வாழ்தல் இன்றைய அரசுக்கு இடர் விளைக்கும் என்னும் கருத்தை வலியுறுத்தி, இலச்சினைக்கும் 1991இல் அமைந்த அரசுக்கும் என்ன தொடர்பு என்று 2023இற் கேட்டார். ஆர்மீனிய எல்லைக்குள்ளேயே 4,090 மீற்றர் உயர்ந்த அரகத்சு மலை இருக்கிறது என்பதையும் அவர் பக்கத்தார் எடுத்துக்காட்டினர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறிய நாடு; வலிய அயலார்; மூடிய எல்லை. படத்தை வைத்துக்கொண்டு பாதையை இழப்பதா என்று கேட்பவர் நாட்டுப்பற்று இல்லாதவர் அல்லர். எதிர்த்தவர் கூற்றிலும் பொருளுண்டு: அரகத்சை எவரும் இழக்கவில்லை, இழவாத மலைக்கு இலச்சினையில் என்ன வேலை என்பது அவர்தம் உள்ளக்கிடக்கை. தாம் எந்நிலத்தையும் கேட்கவில்லை, நினைவை மட்டுமே வைத்திருக்கிறோம் என்பது அவர் வாதம். கார்ஸ் உடன்படிக்கையின் ஆண்டிற் சர்யான் எதிர்கொண்ட இக்கட்டு இதுவே. அவரோ வாதிடாது வரைந்துவிட்டார்.

2025 செப்ரெம்பரில் ஆர்மீனிய அரசு, நாட்டிற்குள் வருவோர்க்கும் செல்வோர்க்கும் எல்லைக் கடவையிற் கடவுச்சீட்டில் இடும் முத்திரையிலிருந்து அரராத்தின் உருவை நீக்கத் தீர்மானித்தது. நவம்பர் 1ஆம் நாள் முதல் அத்தீர்மானம் நடைமுறைக்கு வந்தது. மலையற்ற அம்முத்திரை பதியப்பட்ட ஆர்மீனியக் கடவுச்சீட்டுக்களின் மேலட்டையில் அவ்வாண்டிலும் அரச இலச்சினை இருந்தது. அதன் நடுவிற் பேழையோடு கூடிய மலை நின்றது.